வழக்காடுபவர் சாலை போடப் பணம் தரலாமா? ஆந்திர பட்ஜெட் சட்டங்களும் சாலைக் கடனும் கோர்ட் பீஸும்

சித்தூரில் பெட்ரோலோ டீசலோ நிரப்புபவர் லிட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் சாலை மேம்பாட்டு செஸ் கொடுக்கிறார். திருப்பதி நீதிமன்றத்தில் பாக்கிப் பணத்துக்காகப் பிராது தாக்கல் செய்பவர், கேட்கும் தொகையின் அளவைப் பொறுத்துக் கோர்ட் பீஸ் கட்டுகிறார். இரண்டும் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களின்படி வாங்கப்படுகின்றன. இரண்டிலும், கொடுத்த பணத்துக்கு ஈடாக ஏதோ ஒன்று, அதாவது நல்ல சாலையோ நல்ல தீர்ப்போ, கிடைக்கும் என்ற எண்ணம் கொடுப்பவருக்கு ஏற்படும்படி பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் சட்டத்தின் பார்வையில் எவ்வளவு தூரம் உண்மை என்பதும், அந்த வருவாயைக் காட்டிக் கடன் வாங்கத் தொடங்கும்போது அந்த உண்மைக்கு என்ன நேர்கிறது என்பதும், ஆந்திரத்தின் தென்கோடியில் தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் இந்த இரு மாவட்டங்களை வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும்.

பட்ஜெட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவு கூறும் ஆண்டு நிதிநிலை அறிக்கை. அது வெறும் அறிக்கையே. அதிலுள்ள செலவுகளுக்கு அரசின் பெட்டியிலிருந்து பணம் எடுக்க 204-ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் என்ற தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். வரி, கட்டணம், கடன் ஆகியவற்றின் வழியாக மாநிலத்துக்கு வரும் பணம் முழுவதும் சேரும் பெட்டிக்குத் தொகுப்பு நிதி என்று பெயர். சட்டத்தின் அனுமதியின்றி அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்று 266-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதை ஆந்திர மக்கள் 2020-இல் கண்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 17 அன்று சட்ட மேலவை நிதி ஒதுக்கீட்டு மசோதாவை நிறைவேற்றாமலேயே கலைந்துவிட்டது. பண மசோதாவை மேலவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும் என்பதால் பெரிய நெருக்கடி ஏதும் நேரவில்லை; ஆனால் அந்த நாட்கள் கழியும்வரை பணம் எடுக்க வழியில்லாமல் ஜூலை மாதம் அரசு ஊழியர் சம்பளம் தாமதமாயிற்று.

சாலையில் வசூலாகும் பணத்தைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. எம்.ஆர். ஜெயகர் தலைமையில் 1927-இல் அமைந்த சாலை வளர்ச்சிக் குழுவின் பரிந்துரைப்படி, 1929 மார்ச் முதல் பெட்ரோல் கேலனுக்கு இரண்டு அணா கூடுதலாக வாங்கி, அதைச் சாலைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். சித்தூர் அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த மாவட்டம். வடஆற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து 1911-இல் அதை உருவாக்கியிருந்தார்கள். அந்த மாகாணம் 1931-இல் இயற்றிய மோட்டார் வாகன வரிச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் வழிநெடுக வசூலித்துவந்த சுங்கங்களை ஒழித்து, அதனால் அவற்றுக்கு ஏற்பட்ட இழப்பை வாகன வரியிலிருந்து ஈடுசெய்தது. வண்டிக்காரன் ஒரே இடத்தில் வரி கட்ட, அந்தப் பணம் சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சிக்குப் போனது. கடன் என்ற பேச்சே அந்த ஏற்பாட்டில் இல்லை. அந்த ஆண்டு வந்த பணத்தில் அந்த ஆண்டின் பள்ளங்களை மூடினார்கள்.

இந்த ஏற்பாடு 2020-இல் வேறு வடிவம் எடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆந்திர அரசு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தை அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் திருத்தி, பெட்ரோல், டீசல் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு ரூபாய் சாலை மேம்பாட்டு செஸ் விதித்தது. செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு நோக்கத்தின் பெயரைச் சூட்டி வாங்கும் வரி. பெயரில் நோக்கம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வரிதான். இந்த செஸ் வருவாய், 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆந்திரப் பிரதேச சாலை மேம்பாட்டுக் கழகத்துக்கு என்று குறிக்கப்பட்டது. பின்னர், குண்டும் குழியுமான மாநிலச் சாலைகளைச் செப்பனிட அந்தக் கழகம், செஸ்ஸாக வரவிருக்கும் பணத்தைக் காட்டி, வங்கிகளிடம் சுமார் 2,000 கோடி ரூபாய் கடன் வாங்கியது. சட்டப்படி கடனாளி கழகம். ஆனால் அந்தக் கழகத்துக்குச் சுங்கச்சாவடி போன்ற சொந்த வருமானம் பெரிதாக ஏதும் இல்லை. கடனைத் திருப்பிக் கட்டப்போவது டீசல் நிரப்புபவர்தான். ஜூன், ஜூலை மாதங்களில் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வரிசையாக நிற்கும் தோத்தாபுரி மாம்பழ டிராக்டர்களும், குப்பம் பக்கத்திலிருந்து கிரானைட் பாறைகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும், அந்தத் தவணையை லிட்டர் கணக்கில் கட்டுகின்றன.

சாலைக்காகக் கடன் வாங்குவதே தவறு என்று சொல்வதற்கில்லை. ஐம்பது ஆண்டு நிற்கும் பாலத்தை இன்றைய வரிப்பணத்தில் மட்டுமே கட்ட வேண்டுமானால் அது என்றுமே கட்டப்படாது. நாளை அதைப் பயன்படுத்தப் போகிறவர்களும் அதன் விலையில் பங்கு தருவதுதான் நியாயம். பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கியிடமிருந்து ஆந்திரத்துக்கு வந்த 64 கோடியே 60 லட்சம் டாலர் கடனை இந்த வகையில் சேர்க்கலாம். தலா 32 கோடியே 30 லட்சம் டாலர் வீதம் இரண்டு திட்டங்களுக்கு அது வந்தது. ஒன்று மண்டலத் தலைமையிடங்களை மாவட்டத் தலைமையிடங்களுடன் இணைக்கும் சாலைகளை இருவழியாக அகலப்படுத்த, மற்றொன்று பழைய பாலங்களை மீண்டும் கட்ட. செஸ் கடன் போனதோ தார்ப்பூச்சுக்கு. சில மழைக்காலங்களே தாங்கும் மேற்பூச்சைக் கடன் வாங்கிப் பூசினால், பூச்சு பெயர்ந்த பிறகும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை பூசுவதற்கு வரவேண்டிய செஸ் பணமோ ஏற்கெனவே வங்கிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். 2024 நவம்பரில் புதிய அரசு மாநிலச் சாலைகளின் பள்ளங்களை மூட மறுபடியும் ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்ததையும், மாநிலச் சாலைகளையும் தேசிய நெடுஞ்சாலைகளைப் போலத் தனியாரிடம் ஒப்படைத்துச் சுங்கம் வாங்கலாமா என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் பேசியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செஸ் கொடுத்த அதே வண்டி, அதே சாலையில், இனிச் சுங்கமும் கொடுக்கலாம்.

இப்படிக் கழகத்தின் பெயரில் கடன் வாங்குவதன் பின்னால் அரசியலமைப்பின் 293-ஆவது பிரிவு நிற்கிறது. மாநிலம் தன் தொகுப்பு நிதியை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால் ஒன்றிய அரசுக்கு அந்த மாநிலம் ஏதேனும் பழைய பாக்கி வைத்திருந்தால், ஒன்றியத்தின் ஒப்புதல் இல்லாமல் புதுக் கடன் வாங்கக் கூடாது என்று அதன் மூன்றாம் உட்பிரிவு தடுக்கிறது. பாக்கி இல்லாத மாநிலம் நடைமுறையில் இல்லை என்பதால், ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதை தில்லிதான் தீர்மானிக்கிறது. கழகம் வாங்கும் கடன் அந்த வரம்புக்குள் வராது என்ற நம்பிக்கைதான் பல மாநிலங்களை இந்த வழிக்கு அழைத்துச் சென்றது. ஆந்திரம் 2020-இல் தனிச் சட்டம் இயற்றி அமைத்த மாநில வளர்ச்சிக் கழகம், மது விற்பனையில் வரும் வரியை எஸ்க்ரோ கணக்கில், அதாவது வங்கி தன் தவணையை முதலில் எடுத்துக்கொண்ட பிறகே மிச்சத்தை வெளியே விடும் கணக்கில், போடுவதாக ஒப்புக்கொண்டு 25,000 கோடி ரூபாய் வரை கடனுக்கு ஏற்பாடு செய்தபோது, தொகுப்பு நிதிக்கு வரவேண்டிய பணத்தை வழியிலேயே மடக்கலாமா என்று ஒன்றிய நிதி அமைச்சகம் கேள்வி எழுப்பியது. கழகங்களின் கடனுக்கு மாநிலம் கொடுக்கும் உத்தரவாதத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு; அது நிதிப் பொறுப்புச் சட்டத்தில் வருவாய் வரவில் 90 விழுக்காடாக இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 180 விழுக்காடாக்கியது. எட்டாத வேலியைத் தாண்டுவதற்குப் பதில் வேலியையே தள்ளி நட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கேரளமும் இதே பாதையில் நடந்தது. அங்கே பெட்ரோலியப் பொருள் லிட்டருக்கு ஒரு ரூபாய் செஸ்ஸும் மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும் கிஃப்பி எனப்படும் உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்துக்குப் போக, அந்த வரவை நம்பி வாரியம் 2019-இல் லண்டன் சந்தையில் 9.723 விழுக்காடு வட்டிக்கு 2,150 கோடி ரூபாய்க்கு மசாலா பத்திரம், அதாவது வெளிநாட்டில் விற்கும் ரூபாய்க் கடன் பத்திரம், விற்றது. செஸ்ஸையோ வரியையோ எழுதிக் கொடுத்துக் கழகங்கள் வாங்கும் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிடுவோம் என்று 2022-இல் ஒன்றியம் அறிவித்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு இடைக்கால நிவாரணம் தர மறுத்து, 293-ஆவது பிரிவின் பொருளை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியது. அந்தத் தீர்ப்பு எப்படி வந்தாலும் அது சித்தூரின் ஒரு ரூபாயையும் தொடும்.

எல்லைப்புற மாவட்டங்கள் என்பதால் சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த ஒரு ரூபாய்க்கு வேறொரு விளைவும் உண்டு. ஆந்திரத்தில் பெட்ரோல்மீது 31 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, அதற்கு மேல் லிட்டருக்கு 4 ரூபாய், அதற்கும் மேல் செஸ். தமிழ்நாட்டிலோ 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்த பிறகு 13 விழுக்காடும் 11 ரூபாய் 52 காசும். விலை வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதால், நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து வண்டிகள் எல்லையைத் தாண்டும்போது தமிழ்நாட்டு பங்க்கில் நிரப்பிக்கொள்வதில் வியப்பில்லை. ஆந்திரச் சாலையில் ஓடித் தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு வரி கட்டும் அந்த வண்டி, சாலையைப் பயன்படுத்துபவரே சாலைக்குப் பணம் தர வேண்டும் என்ற செஸ்ஸின் அடிப்படையையே கேலி செய்கிறது.

திருப்பதியில் சாலைப் பணத்தின் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. நகரின் நெரிசலுக்கு மேலே எழுந்துள்ள நீண்ட மேம்பாலம், கருட வாரதி என்று தொடங்கி, இடையில் ஸ்ரீனிவாச சேது என்று பெயர் மாறி 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது; அதற்குப் பொலிவுறு நகரத் திட்டப் பணத்தோடு திருமலை-திருப்பதி தேவஸ்தானமும் பங்கு கொடுத்தது. அடுத்த மாதமே, தேவஸ்தான பட்ஜெட்டில் ஆண்டுதோறும் 1 விழுக்காட்டை நகர வளர்ச்சிக்கு ஒதுக்க அறங்காவலர் குழு முடிவெடுத்தது. பக்தர் போட்ட காணிக்கை தெருவுக்கும் சாக்கடைக்கும் போகலாமா என்று எதிர்ப்பு எழவே, மாநில அரசு அதை ஏற்கவில்லை. உண்டியல் பணம் எந்த நோக்கத்துக்கு வந்தது என்று கேட்கத் தெரிந்த ஊர், செஸ் பணத்தைப் பற்றி அதே கேள்வியை இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

இனி நீதிமன்றம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 66-ஆவது இனம், மாநிலம் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட எந்தப் பொருளுக்கும் கட்டணம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டு, நீதிமன்றங்களில் வாங்கும் கட்டணம் இதில் சேராது என்று விலக்கி வைக்கிறது; உச்ச நீதிமன்றம் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களின் கட்டணம் 3-ஆவது இனத்தில் தனியே நிற்கிறது. இந்தப் பிரிவினையின் பொருளை விளக்க வேண்டிய சந்தர்ப்பம் மதராஸிலிருந்தே எழுந்தது. 1955-ஆம் ஆண்டு மதராஸ் கோர்ட் பீஸ் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வாங்கிய கட்டணம் வரிபோல் ஆகிவிட்டது என்று எழுந்த ஜெனித் லேம்ப்ஸ் வழக்கில், 1970-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் கோட்பாட்டைத் தெளிவாக வகுத்தது: சட்டமன்றம் வழக்காடுவதன்மீது வரி போட முடியாது, வழக்காடுபவரிடம் வாங்கிச் சாலை போடவோ பள்ளிக்கூடம் நடத்தவோ முடியாது, வாங்கும் கட்டணத்துக்கும் சிவில் நீதி நிர்வாகத்துக்கு ஆகும் செலவுக்கும் பரந்த அளவிலாவது பொருத்தம் இருக்க வேண்டும். சாலையை எடுத்துக்காட்டாக நீதிமன்றமே சொன்னது என்பது கவனிக்கத்தக்கது.

கோட்பாடு உறுதியானது, அளவுகோல் நெகிழ்வானது. 1988-இல் கர்நாடகத்திலிருந்து வந்த அஸ்வத்தநாராயண செட்டி வழக்கிலும், 1990-களின் நடுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீராமுலு வழக்கிலும், கோரும் தொகையில் விழுக்காடாக உச்சவரம்பின்றிக் கட்டணம் வாங்குவதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு வழக்குக்கும் ஆகும் செலவைப் பைசாவரை கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது அதன் காரணம். ஆக, பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வேலை நீதிபதியிடமிருந்து சட்டமன்றத்துக்கு நழுவியது. வீண் வழக்குகளைத் தடுக்கக் கட்டணம் வேண்டும் என்ற பழைய வாதத்தை மெக்காலே ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே எள்ளி நகையாடியிருக்கிறார். கட்டணம் நியாயமான ஏழையையும் அநியாயமான ஏழையையும் ஒருசேரத் தடுக்கும், பணக்காரரில் இருவரையும் தடுக்காது. 1958-இல் வந்த சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கையும் நீதியை வருவாய் இனமாக ஆக்குவதை ஏற்கவில்லை.

சித்தூருக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் போய்விட்டதால், மதராஸின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. ஆந்திரம் 1956-இல் தனக்கெனக் கோர்ட் பீஸ் சட்டம் இயற்றிக்கொண்டது. இரு மாநில எல்லைத் தகராறை ஆராய்ந்த பட்டாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் மதராஸுக்கு வந்தபோது, அதுவரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்களின் கடன் வழக்குகள் இரு வேறு மாநிலங்களின் கட்டண அதிகாரத்துக்குள் வந்தன. தமிழ்நாட்டில் கோரும் தொகையில் ஏழரை விழுக்காடு என்று நெடுங்காலம் இருந்த கட்டணத்தை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 3 விழுக்காடாகக் குறைத்தது. பத்து லட்ச ரூபாய் பாக்கிக்கு வழக்குப் போட 75,000 ரூபாய் முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தவர் அதன்பின் 30,000 கட்டினால் போதும் என்றாயிற்று. மாநிலத்தின் நிதி நிலை இதனால் குலைந்துவிடவில்லை. கேரளம் எதிர்த்திசையில் சென்று, 2024 பட்ஜெட்டோடு சேர்ந்த நிதிச் சட்டத்தின் வழியாகக் காசோலை வழக்குகளுக்கும் குடும்ப நீதிமன்றச் சொத்து வழக்குகளுக்கும் கட்டணத்தை உயர்த்தியது. நீதிக் கட்டணத்தை நிதி மசோதாவுக்குள் வைத்து உயர்த்துவதே, அது எதற்காக உயர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

வெளிப்படையான கட்டணத்தைத் தவிர, அதன்மேல் ஏறும் சிறு சுமைகளும் உண்டு. வக்காலத்தில் ஒட்டும் வழக்கறிஞர் நல நிதி ஸ்டாம்பு ஆந்திரத்தில் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. கொடுப்பவர் கட்சிக்காரர், பயன் பெறுபவர் வழக்கறிஞர். காசோலை வழக்கைச் சமரசம் செய்துகொள்ளத் தாமதிப்பவர் காசோலைத் தொகையில் 10 விழுக்காடு முதல் 20 விழுக்காடு வரை சட்டப் பணிகள் ஆணையத்துக்குக் கட்ட வேண்டும் என்று 2010-இல் தாமோதர் பிரபு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை, நீதிமன்றமே விதித்த கூடுதல் கட்டணத்துக்கு அரிய எடுத்துக்காட்டு. ஆனால் அந்தப் பணம் ஏழைகளுக்கான சட்ட உதவிக்குப் போகிறது என்பதால் அதற்கு நியாயம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 210-ஏ பிரிவு இவற்றைவிடப் பெரியது. ஒன்றியச் சட்டம் சொல்லும் அபராதத்தை ஒன்று முதல் பத்து மடங்குவரை பெருக்கிக்கொள்ள மாநிலத்துக்கு அது இடம் தருகிறது. சட்டமன்றத்தின் வாக்கெடுப்பு வேண்டியதில்லை, அறிவிக்கை போதும்.

அபராதத்தை வருவாயாக்கும் இந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்பதை அமெரிக்காவில் 2015 மார்ச்சில் வெளியான பெர்குசன் நகர அறிக்கை காட்டியது. நகரச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காகவே காவல்துறையும் நகர நீதிமன்றமும் அபராதங்களைத் துரத்தின என்று அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் அதில் கண்டறிந்தது. சாலைக் கட்டண விஷயத்தில் அந்நாட்டிலேயே வேறு வகை எடுத்துக்காட்டும் உண்டு: நியூயார்க் மாநிலம் 2019 பட்ஜெட் சட்டத்தில், மன்ஹாட்டன் நெரிசல் பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணத்தை ஈடாக வைத்து 1,500 கோடி டாலர் திரட்டி, ரயில், பேருந்து அமைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியது. கட்டணம் 2025 ஜனவரி 5 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்றாலும், யாரிடம் எவ்வளவு வாங்கி எதற்குக் கடனாகத் திரட்டுவது என்பது சட்டத்திலேயே இருந்தது. ஆந்திரத்திலோ செஸ் ஒரு சட்டத்தில், கழகம் வேறொரு சட்டத்தில், கடன் வங்கியோடு செய்த ஒப்பந்தத்தில், உத்தரவாத வரம்பு மூன்றாவது சட்டத்தில்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பேருந்துக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 ஜனவரி 1 அன்று போக்குவரத்துக் கழகத்தின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அரசு ஏற்றுக்கொண்டதும், 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ஸ்திரீ சக்தித் திட்டத்தில் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தந்ததும் பெரிய செலவுகளே. ஆயினும் அவை தொகுப்பு நிதியிலிருந்து, சட்டமன்றத்தின் வாக்கோடு, எல்லாரும் பார்க்கும்படி செலவாகின்றன. அவற்றை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் எண்களை வைத்து வாதாடலாம். செஸ் கடனில் அந்த வாதத்துக்கே இடம் குறைவு.

ஆகையால் கோர்ட் பீஸுக்கு ஜெனித் லேம்ப்ஸ் வழக்கு வைத்த அளவுகோலை, கொஞ்சம் மாற்றி, செஸ்ஸுக்கும் வைப்பதே முறை. கட்டணத்திலும் செஸ்ஸிலும் எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு நீதிமன்றத்துக்கும் சாலைக்கும் போனது, எவ்வளவு வட்டிக்குப் போனது என்ற மூன்று எண்களை மாவட்டவாரியாகப் பட்ஜெட்டோடு சேர்த்து வைக்கச் சட்டமன்றம் ஒரு சிறு திருத்தம் செய்தாலே போதும். அதற்கு ஒன்றியத்தின் ஒப்புதலோ ஐந்து நீதிபதிகளின் தீர்ப்போ தேவையில்லை. அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் வாக்காளர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது இந்தத் திருத்தத்தைத்தான்.